மறுபடியும் ஆர்கன் வாசிக்கிறேன்

பல வருஷங்களுக்குப் பிறகு எங்கள் ஊர் கோயிலில் ஞாயிறு ஆராதனைக்கு மறுபடியும் ஆர்கன் வாசிக்க ஆரம்பித்திருக்கிறேன். காலால் மிதித்துக் காற்றடிக்கிற பழைய ரீட் ஆர்கன். கல்யாணம், வேலை, வேற ஊர் என்று வாசிப்பு விட்டுப்போயிருந்தது. தூத்துக்குடி மாவட்டத்து நாசரேத் பக்கம் இருக்கிற சொந்த ஊருக்கே திரும்பி வந்து பார்த்தால், ஆர்கனைத் துணி போட்டு மூடி, அதன் மேலேயே கீபோர்டை வைத்து வாசித்துக்கொண்டிருந்தார்கள். சபைப் போதகரான ஐயரிடம் கேட்டேன். "தாராளமா வாசிங்கம்மா, முதல்ல சத்தம் வருதான்னு பாருங்க" என்றார்.

வந்தது, ஆனால் பாதிதான். துருத்தித் துணி ஒரு மூலையில் கிழிந்திருந்தது, சில கட்டைகளை அழுத்தினால் சத்தமே இல்லை. இந்த ஆர்கனில் ஒவ்வொரு சுரத்துக்கும் ஒரு சின்னப் பித்தளை நாக்கு உண்டு, துருத்தி காற்றை உறிஞ்சும்போது அது அதிர்ந்துதான் சத்தம் வரும், அதில் ஒரு பொட்டுத் தூசி சிக்கினாலும் போச்சு. வளைந்த கம்பியால் நாக்கை வெளியே இழுத்து, மெல்லிய பிரஷால் துடைத்து, அதே இடத்தில் செருக வேண்டும். ஒவ்வொன்றாகச் செய்தேன். மனிதக் குரல் மாதிரி ஒலிக்க வைக்கிற வாக்ஸ் ஹ்யூமனா என்ற இழுப்புக் குமிழை (ஸ்டாப்) இழுத்தால் உள்ளே காற்றிலேயே சுற்றுகிற ஒரு விசிறிதான் குரலுக்கு அந்த நடுக்கத்தைக் கொடுக்கும். அது சுற்ற ஆரம்பித்தபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது.

சரி, சத்தம் வந்தாச்சு, அப்புறம்தான் பயம். பியானோவில் பெடலை அழுத்தினால் விரலை எடுத்த பிறகும் ஒலி கொஞ்சம் நிற்கும். ஆர்கனில் விரலை எடுத்த நிமிஷமே அறுந்துவிடும், அதனால் ஒரு சுரத்தைப் பிடித்தபடியே நாலாம் விரல் இருந்த இடத்துக்கு ஐந்தாம் விரலைச் சத்தமில்லாமல் கொண்டுவர வேண்டும், கால் இரண்டும் மாறி மாறி மிதித்துக்கொண்டே இருக்க வேண்டும், நடுவில் வலது முழங்காலால் ஸ்வெல் கட்டையைத் தள்ளி ஒலியைக் கூட்ட வேண்டும். இதெல்லாம் பழகினால் வந்துவிடும். எனக்கு வயிற்றைக் கலக்கியது பின்னால் எழுந்து நிற்கிற சபைதான். அவர்கள் மூச்சு என் கையில் இருக்கிறது. வரி முடிகிற இடத்தில் நான் கையைத் தூக்காமல் ஓடினால் வயசானவர்களுக்கு அடுத்த வரி கிடைக்காது, ரொம்ப நேரம் தூக்கினால் பாட்டு நொண்டும்.

முதல் ஞாயிறு முதல் பாமாலைக்கு, அதாவது மேல்நாட்டு மெட்டில் பாடுகிற பாட்டுக்கு, அமைந்தது பழைய நூறாம் சங்கீத மெட்டு. 1551-ல் ஜெனீவா சங்கீதப் புத்தகத்தில் வந்தது, வரிக்கு எட்டு அசை, எல்லாம் நிதானமான நடை. கடைசி வரியை மட்டும் முன்னோட்டமாக வாசித்து நிறுத்தினேன், விரல் நுனியெல்லாம் சில்லிட்டிருந்தது. சபை பாட ஆரம்பித்தது. இரண்டாம் சரணத்தில் ஆண்கள் பக்கத்திலிருந்து பேஸ் என்கிற கீழ்க்குரல் தானாக எழுந்தது, டோ ரே மி எழுத்துகளில் சுரம் எழுதின சோல்ஃபா நோட்டு வைத்துப் பழகின பழைய கொயர்க்காரர்கள், இத்தனை காலம் அதை உள்ளேயே வைத்திருந்திருக்கிறார்கள். என் இடது கையும் அவர்கள் குரலும் ஒரே சுரத்தில் போய் உட்கார்ந்ததும் பெஞ்சுப் பலகையே அதிர்ந்தது. அதற்கு மேல் பயப்பட எனக்கு நேரமில்லை, சந்தோஷம்தான்.

ஆராதனை முடிந்து ஒரு பெரியம்மா கையைப் பிடித்துக்கொண்டு, "மூச்சு விட நேரம் கொடுத்த பாரு, அதான் முழுசா பாட முடிஞ்சுது" என்றார்கள். கீபோர்டில் தாளத்தைப் போட்டுவிட்டால் அது யாருக்காகவும் காத்திருக்காது. பாமாலைக்கு அது ஒத்துவராது என்றுதான் நான் நினைக்கிறேன்.

கீர்த்தனை வேறு விஷயம். தஞ்சாவூர்க் கிறிஸ்தவக் கவிஞர் வேதநாயக சாஸ்திரியார் ராகம் தாளத்தோடு எழுதினதை நாலு குரலாக அடுக்கினால் அதன் அழகு போய்விடும், கட்டையில் சுரத்தை அசைக்கிற கமகமும் வராது. அதனால் வலது கையில் மெட்டு, இடது கையில் ஸட்ஜமம் பஞ்சமம் மட்டும் பிடிக்கிறேன், மிச்சத்தை சபையின் தொண்டை பார்த்துக்கொள்கிறது.

அடுத்து லெந்து, ஈஸ்டருக்கு முந்தின தவக்காலம். எல்லாமே நீட்டிப் பிடிக்கிற பாட்டுகள், துருத்தி கொஞ்சம் கசிந்தாலும் பெரிய வெள்ளியன்று காட்டிக்கொடுத்துவிடும். ரப்பர் பூசின துணி வாங்கி வைத்திருக்கிறேன், இந்த சனிக்கிழமை துருத்தியின் அந்தக் கிழிந்த மூலையை ஒட்ட வேண்டும்.