கடைசிக் காருக்கும் பரிசுக் கவர் உண்டு

2017 நவம்பரில் ஒரு ராத்திரி பக்கத்து வீட்டுப் பெரியவர் ஒரு நோட்டுப் புத்தகத்தோடு வந்து எங்கள் சமையலறை மேசையில் உட்கார்ந்தார். "கணக்கு எழுதத் தெரிந்த ஆள் வேண்டும்" என்றார். நான் ஒரு அலுவலகத்தில் கணக்கு பார்ப்பவள், சரி என்றேன். அப்படித்தான் ஒரு ஸ்பிரிண்ட் கார் பந்தயத் தொடரைத் தொடங்கிய மூன்று பேரில் நானும் ஒருத்தி ஆனேன். சின்ன அளவில் இப்படி எதையாவது நடத்த நினைப்பவர்களுக்குப் பயன்படட்டும் என்று நடந்ததை எழுதுகிறேன்.

நாங்கள் இருப்பது அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில், நாக்ஸ்வில் ஊருக்குப் பக்கத்தில். எட்டாயிரம் பேர்கூட இல்லாத அந்த ஊர்தான் ஸ்பிரிண்ட் கார் உலகத்தின் தலைநகர். அரை மைல் மண் தடம். அதில் நாக்ஸ்வில் நேஷனல்ஸ் போட்டி 1961-ல் தொடங்கியது. ஆகஸ்டில் அதற்காக ஊரே நிரம்பி வழியும். இந்தக் காரைப் பார்க்காதவர்களுக்குச் சொல்கிறேன். ஓட்டுநரின் தலைக்கு மேல் கட்டில் அகலத்துக்கு ஒரு இறக்கை இருக்கும். எப்போதும் இடப்பக்கமே திரும்பி ஓடுவதால் வலது பின்சக்கரம் இடதைவிடப் பெரிது. பெட்ரோலுக்குப் பதில் மெத்தனால். கிளட்ச் கிடையாது, ஸ்டார்ட்டரும் கிடையாது. பின்னாலிருந்து ஒரு வண்டி முட்டித் தள்ள வேண்டும். உருண்டு கொஞ்ச தூரம் போய், ஆயில் பிரஷர் முள் ஏறியதும் ஓட்டுநர் சுவிட்சைப் போடுவார். ஒரு கணம் ஒன்றும் இருக்காது, அப்புறம் நெஞ்சுக்கூடே அதிர்கிற மாதிரி வெடித்துக் கிளம்பும். மெத்தனால் புகையில் கண் எரியும். முதல் தடவை பார்த்தபோது எனக்கு அழுகையே வந்துவிட்டது, புகையால் மட்டும் அல்ல.

எங்கள் தேனிப் பக்கம் மாட்டுவண்டிப் பந்தயத்தில் பெரிய மாடு, நடுமாடு, கரிச்சான், பூஞ்சிட்டு என்று பிரித்து ஓட்டுவார்கள். இங்கே எஞ்சினின் கன அங்குலத்தை வைத்துப் பிரிக்கிறார்கள். சுமார் 900 குதிரைத்திறன் கொண்ட 410 பெரிய மாடு. 360 நடுமாடு. 305 பூஞ்சிட்டு, அதாவது கிட்டத்தட்ட 5 லிட்டர் எஞ்சின். பகலில் வெல்டிங் வேலை பார்த்துவிட்டு, மாலையில் மகனையோ மகளையோ கூட்டிக்கொண்டு வருகிற குடும்பங்கள் ஓட்டுவது பெரும்பாலும் இந்த 305-தான். பெரியவரின் மகனும் அதைத்தான் ஓட்டினான்.

பிரச்சினை இதுதான். சுற்றுவட்டாரத்து மண் தடங்கள் ஒவ்வொன்றும் மாதத்தில் ஒரு நாள் 305-க்கு இடம் கொடுத்தன, ஆனால் ஆளுக்கொரு தேதி, ஆளுக்கொரு விதி. ஒரு இடத்தில் ஆறு கார் வரும், இன்னொரு இடத்தில் ஏழு. "இதைப் பார்க்க யார் டிக்கெட் வாங்குவார்கள்?" என்று தடக்காரர்கள் அந்த வகுப்பையே தூக்கிவிட யோசித்தார்கள். எல்லாக் காரையும் ஒரே நாளில் ஒரே இடத்துக்குக் கொண்டுவந்து, வருடம் முழுக்கப் புள்ளி சேர்த்து, கடைசியில் ஒரு சாம்பியனை அறிவித்தால் என்ன என்பதுதான் பெரியவரின் நோட்டில் இருந்த யோசனை.

யோசனை புதிதல்ல. டெட் ஜான்சன் என்பவர் ஊர் ஊராகப் போய் ஓட்டிக்கொண்டிருந்த பெரிய ஓட்டுநர்களை ஒரே அட்டவணைக்குள் கொண்டுவந்து, 1978 மார்ச்சில் டெக்சாஸின் டெவில்ஸ் பௌல் தடத்தில் வேர்ல்டு ஆஃப் அவுட்லாஸ் தொடரின் முதல் போட்டியை நடத்தினார். அன்று ஜெயித்தவர் ஜிம்மி பாய்ட். அந்த ஆண்டின் சாம்பியனான ஸ்டீவ் கின்ஸர் மொத்தம் 20 முறை அந்தப் பட்டத்தை வாங்கினார். 360 கார்களுக்காக எமெட் ஹான் 1992-ல் அமெரிக்கன் ஸ்பிரிண்ட் கார் சீரிஸைத் தொடங்கினார். தேசிய அளவில் ஒரு தொடர், அதன்கீழ் வட்டாரத் தொடர்கள் என்று அது கிளை விட்டது. எங்கள் கனவு அதில் நூறில் ஒரு பங்குகூட இல்லை. நான்கு தடம், எட்டு போட்டி, அவ்வளவுதான்.

முதலில் விதிப் புத்தகம். சொந்தமாக எஞ்சின் விதி எழுத உட்கார்ந்து மூன்று வாரத்தை வீணாக்கினோம். தயவுசெய்து யாரும் அதைச் செய்யாதீர்கள். வர்ஜீனியாவைச் சேர்ந்த ஃபிரெஞ்ச் கிரைம்ஸ் என்பவர் ரேஸ்சேவர் என்ற பெயரில் 305-க்கு ஏற்கெனவே ஒரு ஏற்பாடு செய்து வைத்திருந்தார். செலவு எகிறாதபடி எஞ்சினுக்குக் கட்டுப்பாடு, அதன்மேல் ஒரு முத்திரை. எங்கள் பக்கத்துக் கார்களில் பாதிக்கு மேல் அந்த விதிக்கு ஏற்றவை. அதையே எடுத்துக்கொண்டோம். புதிதாக விதி எழுதினால் இருக்கிற எஞ்சினைக் கழற்றி மாற்ற வேண்டிவரும், அந்தக் காசுக்கு ஆள் வீட்டிலேயே இருந்துவிடுவான்.

அப்புறம் காகித வேலை. தொடரை எல்.எல்.சி. என்ற சின்ன நிறுவனமாகப் பதிவது ஒரே மாலையில் முடிந்தது. காப்பீட்டுக்குத்தான் குளிர்காலம் முழுக்கப் போனது. பாலிசி தடத்தின் பெயரில் இருக்கும், ஆனால் அதில் எங்கள் தொடரின் பெயரையும் சேர்த்து எழுதிய சான்று கையில் இல்லாமல் தேதி அறிவிக்கக் கூடாது. கார்களைத் தயார்செய்யும் பிட் பகுதிக்குள் கால் வைக்கிற ஒவ்வொருவரும் பொறுப்புத் துறப்புப் படிவத்தில் கையெழுத்துப் போட வேண்டும். பதினெட்டு வயது ஆகாதவர் என்றால் பெற்றோருக்குத் தனிப் படிவம். பரிசு வாங்குகிற எல்லோரிடமும் சீசன் தொடக்கத்திலேயே டபிள்யூ-9 என்ற வரிப் படிவத்தை வாங்கிவிடுங்கள், ஜனவரியில் வரிக் கணக்குக்காக ஆளைத் தேடிப் பிடிக்க முடியாது. சனிக்கிழமை இரவு நாக்ஸ்வில்லுக்குச் சொந்தம் என்பதால் எங்கள் போட்டிகளை வெள்ளிக்கும் ஞாயிறுக்கும் வைத்தோம்.

சண்டை வந்தது பரிசுப் பணத்தில். பெரியவர் ஜெயிப்பவனுக்கு 1,000 டாலர், கடைசிக்கு 75 என்று எழுதியிருந்தார். சுவரொட்டியில் நாலு இலக்கம் இருந்தால்தான் கார் வரும் என்பது அவர் வாதம். நான் ஒரு காருக்கு ஒரு ராத்திரி ஆகிற செலவை வரிசையாக எழுதிக் காட்டினேன். நான்கு பேருக்கு பிட் பாஸ் மட்டும் 120 டாலர். டீசல், மெத்தனால், டயர் எல்லாம் அதற்கு மேல். ஜெயிக்கிறவன் எப்படியும் வருவான். பன்னிரண்டாவது, பதினைந்தாவது இடத்தில் முடிப்பவன் ஜூலையில் நின்றுவிட்டால் தொடர் படுத்துவிடும். என் அப்பா கல்யாண வீட்டில் பந்தி விசாரிக்கும்போது எப்போதும் கடைசிப் பந்தியில்தான் உட்காருவார். பாயசம் அதுவரை வருகிறதா என்று பார்க்கத்தான். அதைச் சொன்னேன். பெரியவருக்குப் பாயசம் என்னவென்று புரியவைக்க அதற்குள் கால் மணி நேரம் ஆனது. கடைசியில் ஜெயிப்பவனுக்கு 500, இறுதிப் போட்டியில் ஓடுகிற கடைசிக் காருக்கும் 150 என்று முடிவானது.

2018 மே மாதம் முதல் போட்டி. பதினாறு கார் வரும் என்று தடக்காரரிடம் சொல்லியிருந்தோம். வந்தது பதினொன்று. மதியம் வரை மழை தூறியதால் தடம் சேறாகக் கிடந்தது. ஒரு மணி நேரம் பிக்கப் வண்டிகளையும் கார்களையும் மெதுவாகச் சுற்றவிட்டு மண்ணை அமுக்கினோம். போட்டி நன்றாகவே நடந்தது. பதினொரு மணிக்குக் காசு கொடுக்கும் ஜன்னலைத் திறந்தபோது தடக்காரர், கார் எண்ணிக்கை குறைந்ததால் பேசிய பரிசுத் தொகையில் மூன்றில் இரண்டு பங்குதான் தருவேன் என்றார். ஒப்பந்தத்தில் குறைந்தபட்ச எண்ணிக்கையைப் பற்றி ஒரு வரியும் இல்லை, அவருக்குச் சாதகமாகவும் இல்லை, எங்களுக்குச் சாதகமாகவும் இல்லை. வெளியே பதினொரு குடும்பம் வரிசையில் நிற்கிறது. நாங்கள் மூவரும் கையிலிருந்ததைப் போட்டு எல்லாக் கவரையும் பேசிய தொகைக்கு நிரப்பினோம். கடைசியாக வந்தவன் முதல் சுற்றிலேயே சுழன்று நின்றவன். கவரை வாங்கி எண்ணிப் பார்த்துவிட்டு, "உண்மையாகவே 150-ஆ?" என்று கேட்டான். அடுத்த வாரம் அவனே தன் ஊரிலிருந்து இரண்டு காரைக் கூட்டிக்கொண்டு வந்தான்.

அந்த வருடக் கடைசிப் போட்டிக்கு 17 கார். 2019-ல் ஐந்தாவது தடம் சேர்ந்தது. டயரை ரசாயனத்தில் ஊறவைத்து மென்மையாக்குகிறார்கள் என்று புகார் எழுந்ததும் அந்த வருடம்தான். ஊசியால் ரப்பரைக் குத்தி மென்மையை அளக்கிற ஒரு சின்னக் கருவி வாங்கினோம். யார் டயரைச் சோதிப்பது என்பதைக் குலுக்கல் சீட்டுப் போட்டு எல்லோர் முன்னாலும் முடிவுசெய்தோம், புகார் அடங்கியது.

2020-ல் கொரோனாவால் எல்லாம் நின்றது. மே 8-ஆம் தேதி பார்வையாளர்களே இல்லாமல் நாக்ஸ்வில்லில் வேர்ல்டு ஆஃப் அவுட்லாஸ் ஓடியதை வீட்டிலிருந்து திரையில் பார்த்தோம். அந்த ஆகஸ்டில் நேஷனல்ஸே நடக்கவில்லை. எங்களால் மூன்று போட்டிதான் முடிந்தது. வருடக் கடைசியில் புள்ளிப்படி கொடுக்க வைத்திருந்த நிதியில் சேர்ந்திருந்ததை ஓடிய எல்லோருக்கும் சமமாகப் பிரித்துக் கொடுத்துவிட்டோம்.

அடுத்த ஜூனில் 26 கார் வந்தன. இறுதிப் போட்டியில் இருபதுக்குத்தான் இடம், முதன்முறையாகத் தகுதிச் சுற்று வைத்து ஆறு பேரை வெளியே நிறுத்த வேண்டியிருந்தது. பெரியவர் சந்தோஷத்தில் தொப்பியைக் கழற்றி வீசினார். எனக்கு அந்த ஆறு பேரின் முகத்தைப் பார்க்க மனம் வரவில்லை. அன்றே அவர்களுக்கும் 75 டாலர் என்று முடிவெடுத்தோம்.

எவ்வளவு பெரிய தொடரும் நிலையானது இல்லை என்பது தெரியும். 1970-ல் பிறந்த ஆல் ஸ்டார் சர்க்யூட் ஆஃப் சாம்பியன்ஸ் என்ற ஸ்பிரிண்ட் கார் தொடர் நடுவில் நின்று, மறுபடி எழுந்து, 2015-ல் பந்தய ஓட்டுநர் டோனி ஸ்டூவர்ட் கைக்கு வந்து, 2023 சீசனோடு ஓட்டுநர்கள் கைல் லார்சனும் பிராட் ஸ்வீட்டும் நடத்தும் ஹை லிமிட் தொடரில் சேர்ந்துவிட்டது. அதைக் கேட்டபோது எங்கள் எல்லோருக்கும் துக்க வீடு போலத்தான் இருந்தது. அதனால் இப்போது ஒவ்வொரு தடத்தோடும் ஒப்பந்தத்தில் குறைந்தபட்ச எண்ணிக்கை, மழை வந்தால் யார் எவ்வளவு, எத்தனை சுற்று ஓடினால் போட்டி முடிந்ததாகக் கணக்கு என்று எல்லாவற்றையும் எழுதிவிடுகிறோம்.

போன குளிர்காலத்தில் ஒரு புதிய தடக்காரர் கூப்பிட்டு, முதல் பரிசு எவ்வளவு என்று கேட்டார். பட்டியலை அனுப்பினேன். அதை நான் எப்போதும் கீழிருந்துதான் எழுதத் தொடங்குவேன். கடைசி இடத்தின் தொகையைப் பார்த்துவிட்டு, இது எழுத்துப் பிழையா என்று கேட்டார். இல்லை என்றேன். இரண்டு நாள் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமையைக் கொடுத்தார்.