கடைசி நம்பிக்கைக் கரையில்

ஜனவரி 9, புவெர்ட்டோ நத்தாலெஸ், தென் சிலி

புன்ட்டா அரீனாஸிலிருந்து மூன்று மணி நேரம் பஸ். வழியெல்லாம் புல்வெளி, செம்மறி ஆடுகள், காற்று அடித்து அடித்து ஒரே பக்கம் சாய்ந்துபோன மரங்கள். அறையில் பையை வைத்ததும் நேரே கரைக்குப் போனேன். இரவு ஒன்பதரைக்கும் நல்ல வெளிச்சம். பழைய மரத்துறையில் பலகைகள் போய்விட்டன. வரிசை வரிசையாகத் தூண்கள் மட்டும் நிற்கின்றன, அவற்றின் மேல் நீர்க்காகங்கள். அப்பால் பனி மூடிய மலைகள்.

இந்த நீர்ப்பரப்பின் பெயர் ஊல்த்திமா எஸ்பெரான்சா, அதாவது கடைசி நம்பிக்கை. 1557-இல் ஹுவான் லாத்ரியேரோ மகெல்லன் நீரிணைக்கு வழி தேடி, இதை விட்டால் வேறில்லை என்று உள்ளே வந்திருக்கிறார். வழி இல்லை, மலைதான். அந்த மலைகளைப் பார்த்துக்கொண்டு வெகுநேரம் நின்றேன்.

ஜனவரி 10

காற்று. பனியாறு பார்க்கப் போகும் படகு இல்லை என்று சொல்லிவிட்டார்கள். பக்கத்தில் புவெர்ட்டோ போரீஸ் வரை நடந்தேன். 1915-இல் தொடங்கிய இறைச்சி ஆலை, இப்போது ஹோட்டல். விடுதிக்கார அம்மாவின் அப்பா அங்கே வேலை பார்த்தவராம்.

ஜனவரி 11

மிலோடோன் குகை. ஊரிலிருந்து 24 கிலோமீட்டர். இதற்காகத்தான் இவ்வளவு தூரம் வந்தேன்.

1895-இல் ஹெர்மன் எபர்ஹார்ட் என்ற ஜெர்மானியக் குடியேறி இங்கே ஒரு தோலைக் கண்டெடுத்தார். தடித்த தோல், மேலே செம்பட்டை முடி, உள்ளே பயறு பயறாகச் சின்ன எலும்புகள். மிலோடோனின் தோல் அது. இன்று மரத்தில் தொங்கும் ஸ்லாத்துக்கு உறவு, ஆனால் தரையில் வாழ்ந்த பெரிய விலங்கு. அழிந்து 10,000 ஆண்டுகள் இருக்கும். குகையின் குளிரும் வறண்ட காற்றும் தோலை அப்படியே காப்பாற்றி வைத்திருந்தன. பார்த்தவர்கள் அது இன்னும் காட்டில் எங்கோ உயிரோடு திரிகிறது என்றே நம்பினார்கள். 1900-இல் லண்டன் பத்திரிகை ஒன்று செலவு செய்து ஆளையே அனுப்பித் தேடச் சொன்னது! அவர்களைக் குறை சொல்லத் தோன்றவில்லை. முடியோடு ஒரு தோலைக் கையில் கொடுத்தால் நானும் நம்பியிருப்பேன்.

வாசல் 80 மீட்டர் அகலம், 30 மீட்டர் உயரம். உள்ளே 200 மீட்டர் போகிறது. வாசலருகே பின்னங்காலில் நிமிர்ந்து நிற்கும் மிலோடோன் சிலை. எல்லோரும் அதனோடு போட்டோ எடுக்கிறார்கள். எனக்குச் சுவர்தான் பிடித்தது. கூழாங்கற்கள் ஒட்டி இறுகிய பாறை. பனியாறு உருகித் தேங்கிய ஏரியின் அலைகள் அறுத்து அறுத்துத்தான் இந்தக் குகையே உண்டானது. இன்று தண்ணீர் கீழே தூரத்தில் கிடக்கிறது. ஒரு காலத்தில் அலை இங்கே, நான் கை வைத்த இடத்தில் அடித்திருக்கிறது. அதை மனதுக்குள் கொண்டுவர முயன்றேன், முழுதாக முடியவில்லை.

ஜனவரி 12

படகு கிளம்பிவிட்டது. முதலில் பல்மசேதா பனியாறு, படகிலிருந்தபடியே பார்த்தோம். நீல ஐஸ் மலையில் பாதி உயரத்தோடு நின்றுவிடுகிறது. அதற்குக் கீழே கறுப்பாக ஈரப்பாறை, அருவிகள். முன்பு பனி தண்ணீர் வரை இறங்கியிருந்ததாம். அப்புறம் செர்ரானோ. இறங்கிக் காட்டுக்குள் கொஞ்ச தூரம் நடந்தால் ஒரு குளம். அதில் உடைந்த ஐஸ் கட்டிகள் மிதக்கின்றன. ஒன்றைக் கையில் எடுத்தேன். கண்ணாடி போலத் தெளிவு, உள்ளே பொடிப்பொடியாகக் காற்றுக் குமிழிகள். விரல் மரத்துப்போகும் வரை வைத்திருந்தேன்.

இரவு விடுதிக்கார அம்மாவிடம் போனில் பல்மசேதா படத்தைக் காட்டினேன். சின்ன வயதில் அப்பாவோடு போனதுதானாம், பிறகு போகவே இல்லை. கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு வந்து பார்த்தார். ஐஸ் மேல் விரலை வைத்தார். மெதுவாகக் கீழே இழுத்தார். கறுப்புப் பாறையெல்லாம் தாண்டி, தண்ணீரின் விளிம்பில் நிறுத்தினார்.

"அக்கீ," என்றார். இங்கே.