ஓடிக்கொண்டே இருக்கும் நாலு பேர்

ஜூலை 6, 2024, சனி

பீட்டில்ஸ் என்ற பிரிட்டிஷ் இசைக்குழுவின் நாலு பேரும் (ஜான், பால், ஜார்ஜ், ரிங்கோ) தாங்களாகவே நடித்த 'எ ஹார்ட் டேஸ் நைட்' படம் லண்டனில் முதன்முதலாகத் திரையிடப்பட்டு இன்றோடு சரியாக 60 வருடம். இரவு சாப்பாடு முடிந்ததும் படத்தைப் போட்டேன். எத்தனையாவது முறை என்று கணக்கில்லை. மகளும் வந்து உட்கார்ந்தாள். அவளுக்கு இதுதான் முதல் தடவை.

கிடார் ஒரே ஒருமுறை 'ஜாங்' என்று அதிர்கிறது. உடனே தெருவில் ஓடி வருகிறார்கள், பின்னால் ரசிகர் கூட்டம். ஜார்ஜ் ஹாரிசன் கால் இடறித் தரையில் விழுகிறார், ரிங்கோவும் அவரோடு சேர்ந்து விழுகிறார். அது நடிப்பில்லை, நிஜமாகவே விழுந்தது. எழுந்து சிரித்துக்கொண்டே ஓடுகிறார்கள். இயக்குநர் ரிச்சர்ட் லெஸ்டர் அதை வெட்டாமல் அப்படியே விட்டார். அந்த ஒரு முடிவுக்காகவே அவரைக் கும்பிடலாம்.

பாதியில் மகள், "அப்பா, இதில் கதையே இல்லையே" என்றாள். சரிதான். ரயிலில் லண்டன் வருகிறார்கள், டிவி நிகழ்ச்சியில் பாடுகிறார்கள், போகிறார்கள். அவ்வளவுதான்.

ஜூலை 7, ஞாயிறு

அவள் கேட்டது மனதிலேயே நிற்கிறது. கதை இல்லை என்பது உண்மை. ஆனால் ஒரு நிலைமை இருக்கிறது. படத்தில் பால் மெக்கார்ட்னியின் தாத்தாவாக வரும் கிழவர் ஓரிடத்தில் புலம்புவார்: ஊர் சுற்றிப் பார்க்கலாம் என்று வந்தால், இதுவரை பார்த்ததெல்லாம் ஒரு ரயில், ஓர் அறை, ஒரு கார், ஓர் அறை, அப்புறம் இன்னோர் அறை. திரைக்கதை எழுதிய அலுன் ஓவன் சுற்றுப்பயணத்தில் பீட்டில்ஸோடு சில நாள் கூடவே இருந்து பார்த்தவர். அந்த வாழ்க்கை சிறைவாசம் என்பதை அவர் கண்டுகொண்டார். ஆனால் அதை வைத்து அழவைக்கவில்லை, சிரிக்கவைத்தார்.

பத்திரிகையாளர் சந்திப்பில் ஒருவர் அமெரிக்காவை எப்படிக் கண்டீர்கள் என்று கேட்க, கிரீன்லாந்தில் இடது பக்கம் திரும்பினோம் என்கிறார் ஜான் லெனன். 'கண்டீர்கள்' என்ற சொல்லால் அந்தச் சிலேடை தமிழிலும் அப்படியே உட்காருவது எனக்குத் தனிச் சந்தோஷம்.

தாத்தாவைப் பார்ப்பவர்கள் எல்லாம் 'ரொம்பச் சுத்தமானவர்' என்று சொல்வது ஏன் என்று மகளுக்குப் புரியவில்லை. அந்த நடிகர் வில்ஃப்ரிட் பிராம்பெல் அப்போது பிபிசி தொடர் ஒன்றில் அழுக்குக் கிழவனாக நடித்துப் பிரபலமாகியிருந்தார். பிரிட்டனில் இருந்தவர்கள் அந்த வசனத்துக்கு விழுந்து விழுந்து சிரித்திருப்பார்கள்.

ஜூலை 9, செவ்வாய்

மைதானக் காட்சியை மட்டும் மறுபடி பார்த்தேன். 'கேன்ட் பை மீ லவ்' பாட்டு. ஒத்திகைக்கு நடுவே கதவைத் திறந்து இரும்புப் படிகளில் தடதடவென்று இறங்கி வெட்டவெளிக்கு வருகிறார்கள். அதுவரை கூரையும் சுவரும் நெருக்கிக்கொண்டிருந்த படத்தில் திடீரென்று வானம் வருகிறது. ஹெலிகாப்டரில் இருந்து கேமரா பார்க்கிறது, கீழே எறும்பு மாதிரி ஓடுகிறார்கள், குதிக்கிறார்கள். பாட்டுக்கு வாயசைப்பு இல்லை, நடனம் இல்லை. மூன்று நிமிடம்கூட வராது. இட உரிமைக்காரர் வந்து இது தனியார் இடம் என்கிறார். மைதானத்தைக் காயப்படுத்தியதற்கு ஜார்ஜ் மன்னிப்புக் கேட்கிறார். அவ்வளவுதான், மறுபடி உள்ளே.

அந்த மூன்று நிமிட வானத்துக்காகத்தான் லெஸ்டர் அத்தனை அறைகளைக் காட்டினார் என்று எனக்குத் தோன்றுகிறது.

ஜூலை 11, வியாழன்

நேரமே இல்லை. பஸ்ஸில் பாட்டுகளை மட்டும் கேட்டேன். கடைசி இசை நிகழ்ச்சிக் காட்சியில் அலறும் கூட்டத்துக்குள் 13 வயதுப் பையனாக ஃபில் காலின்ஸ் உட்கார்ந்திருக்கிறார். பிற்காலத்தில் டிரம்ஸில் பெரிய பெயர் எடுத்தவர்.

ஜூலை 14, ஞாயிறு

இன்று மகளே கேட்டு மறுபடி போடச் சொன்னாள். இப்போது யார் யாரென்று பெயர் சொல்கிறாள்.

தாத்தா தூபம் போட்டு ரிங்கோவைக் கிளப்பிவிடுகிறார். ரிங்கோ பழைய கோட்டை மாட்டிக்கொண்டு, கேமராவோடு ஆற்றங்கரையில் தனியாக நடக்கிறார். முந்தின இரவு தூங்காமலே படப்பிடிப்புக்கு வந்ததாக அவரே பின்னாளில் சொல்லியிருக்கிறார். அந்தக் களைப்புதான் முகத்தில் அவ்வளவு அழகாக விழுந்திருக்கிறது. பள்ளிக்கு மட்டம் போட்ட ஒரு சிறுவன் வருகிறான். தன் கூட்டாளிகளைப் பற்றி ஒவ்வொருவராகச் சொல்கிறான். அவனோடு சேர்த்து அவர்களும் நாலு பேர். ரிங்கோ கேட்டுக்கொண்டே நடக்கிறார். பின்னணியில் பீட்டில்ஸின் 'திஸ் பாய்' பாட்டு, அவர்களுடைய இசைத் தயாரிப்பாளர் ஜார்ஜ் மார்ட்டின் வெறும் வாத்தியங்களுக்காக மாற்றியமைத்த மெதுவான வடிவில்.

மைதானத்தில் சேர்ந்து வெளியே வந்தபோது அது கொண்டாட்டம். இங்கே அதே வெளி, அதே விடுதலை, ஆனால் பக்கத்தில் யாருமில்லை. மகள் ஒன்றும் பேசாமல் பார்த்தாள்.

கடைசியில் பாடி முடித்ததும் நேராக ஹெலிகாப்டர். தாத்தா போலிக் கையெழுத்துப் போட்டு வைத்திருந்த படங்கள் மேலே இருந்து காற்றில் பறந்து விழுகின்றன. "இப்போதாவது வீட்டுக்குப் போவார்களா?" என்றாள். இல்லை என்றேன். நள்ளிரவில் வோல்வர்ஹாம்ப்டனில் அடுத்த நிகழ்ச்சி.