பாந்தியன் பிளஸ் தரவில் 73 வந்துவிட்டதா? அந்த நிரலைத் தூக்கி எறியுங்கள்

இலவசமாக இறக்கக்கூடிய பாந்தியன் பிளஸ் சுப்பர்நோவா (விண்மீன் வெடிப்பு) அட்டவணையில் தூர மட்டு (தோற்றப் பருமனுக்கும் தனிப்பருமனுக்கும் உள்ள வித்தியாசம், தூரத்தைச் சொல்வது) நிரலையும் செந்நகர்வு (ஒளி எவ்வளவு சிவப்புப் பக்கம் நீண்டது என்பது) நிரலையும் எடுத்து வரைபு போட்டால், பிரபஞ்சம் விரியும் வேகத்தைச் சொல்லும் ஹபிள் மாறிலி 73ஐ (மெகாபார்செக் தூரத்துக்குச் செக்கனுக்கு 73 கி.மீ.) ஒட்டி வந்து நிற்கும். வராமல் எங்கே போகும்? விடை நிரலுக்குள்ளேயே இருக்கிறது. முதல் நிரையைப் பாருங்கள். 2011எஃப்ஈ, எம்101 கலக்சியில் வெடித்தது. திருத்திய பருமன் (பிரகாச அளவு, எண் கூடினால் மங்கல்) 9.746, தூர மட்டு 28.999. வித்தியாசம் 19.253. அடுத்த நிரையிலும் 19.253. 1701 நிரையிலும் அதேதான். அடம் ரீஸ் குழு 2022இல் கண்டுபிடித்த −19.253 என்ற தனிப்பருமனை (வெடிப்பின் உண்மையான பிரகாசத்தை) எல்லாவற்றிலும் கழித்துப் போட்ட நிரல் அது. அதை வைத்து 73.04 எடுப்பது விடைத்தாளைப் பார்த்துக் கணக்குச் செய்கிற வேலை.

சரியான வழிக்கு இரண்டு எண்கள் தேவை: தூரத்துச் சுப்பர்நோவாக்களிலிருந்து ஒரு வெட்டுத்துண்டு (வரைபுக் கோடு அச்சை வெட்டும் இடம்), கிட்டத்துச் சுப்பர்நோவாக்களிலிருந்து ஒரு தனிப்பருமன். வெட்டுத்துண்டுதான் சுலபம். செந்நகர்வு 0.0233க்கும் 0.15க்கும் இடைப்பட்டவற்றை மட்டும் எடுங்கள். அதற்குக் கீழே போனால் கலக்சிகளின் சொந்த ஓட்டம், செக்கனுக்கு 300 கி.மீ. அளவில், கணக்கைக் குழப்பும். கன்னிக் கொத்தில் அது கால்வாசி வழு. அங்கேயுள்ள எம்86 நம்மை நோக்கித்தான் வருகிறது. 0.023இல் அதே 300 கி.மீ. நாலு வீதம்தான். மேல் எல்லையில் வேறு தொல்லை. ஒளிவேகத்தைச் செந்நகர்வால் பெருக்கி விட்டுவிடக்கூடாது. விரிவு ஆர்முடுகுவதற்கான திருத்தத்தைச் சேர்க்காவிட்டால் 0.1இல் ஏழு வீதம் குறைத்துக் காட்டும். திருத்திய வேகத்தின் மடக்கையிலிருந்து பருமனின் ஐந்திலொன்றைக் கழித்து இடை காணுங்கள். 0.714 வரும். படித்திறனைப் பொருத்த வேண்டாம், அது 0.2 என்று கட்டிப் போட்டது.

செந்நகர்வு நிரல் மூன்று இருக்கிறது. சூரியனை வைத்தது, நுண்ணலைப் பின்னணியை வைத்தது, அயல் ஓட்டத்தையும் திருத்தியது. மூன்றாவதுதான் வேண்டும். சூரியன் மட்டும் பின்னணிக்கு எதிராகச் செக்கனுக்கு 370 கி.மீ. ஓடுகிறது, அதைச் சும்மா விட முடியாது.

இனிப் படுத்துகிற கட்டம், தனிப்பருமன். செபீட் விண்மீன்களால் (துடிக்கும் காலத்திலிருந்து பிரகாசம் தெரிகிற விண்மீன்கள்) தூரம் தெரிந்த கலக்சிகளில் வெடித்த 42 சுப்பர்நோவாக்கள், 37 கலக்சிகள். செபீட் தூர நிரலில் மற்றவற்றுக்கெல்லாம் −9 என்று போட்டிருக்கும். வடிகட்டாமல் இடை எடுத்தால் வருவது குப்பை. அதைவிட மோசமான பொறி வழு நிரல். 2011எஃப்ஈக்கு அதில் 1.516 பருமன்! இவ்வளவு கிட்டத்தில், இவ்வளவு துல்லியமாக அளந்த வெடிப்புக்கு ஒன்றரைப் பருமன் வழுவா? அது ஒளியை அளந்த வழு இல்லை. கலக்சியின் சொந்த ஓட்டத்தால் செந்நகர்வில் வரும் வழுவைப் பருமனாக மாற்றிச் சேர்த்திருக்கிறார்கள். தூரத்தைச் செபீட் கொடுக்கும்போது செந்நகர்வுக்கு இங்கே வேலையே இல்லை. அந்த நிரலை நிறையாக வைத்து இடை எடுத்தால் மிகக் கிட்டத்தில் உள்ள, மிக நல்ல வெடிப்புகள்தான் செல்லாக்காசாகும். வரைபுக்கு மட்டும் பாவியுங்கள் என்று கோப்போடு வரும் குறிப்பிலேயே எழுதியிருக்கிறது, யார் வாசிக்கிறார்கள்?

முழு மாறற்றிரள் அணியைத்தான் (எல்லா வழுக்களும் ஒன்றோடொன்று எப்படித் தொடர்பு என்று சொல்லும் எண் சதுரம், தனிக் கோப்பாக வரும்) பாவிக்க வேண்டும். அதில் முதல் மூலகத்தின் வர்க்கமூலம் 0.18 அளவில், அதுதான் நியாயமான எண். கோப்பில் ஒரு வரிக்கு ஓர் எண், மொத்தம் 28,93,401. எல்லாவற்றுக்கும் மேலே 1701 என்று அணியின் அளவு ஒரு வரி, அதை நீக்கிவிட்டு மிச்சத்தை 1701க்கு 1701 சதுரமாக மடியுங்கள். எக்செலில் திறக்க நினைக்க வேண்டாம், அதன் தாள் 10,48,576 நிரையோடு முடிந்துவிடும். பைத்தன்தான் வழி. பழைய மடிக்கணினியே தாங்கும்.

ஒரே வெடிப்பை நம்பினால் என்ன ஆகும் என்பதற்கும் 2011எஃப்ஈயே சாட்சி. செபீட் தூர மட்டு 29.177. பருமனிலிருந்து கழித்தால் −19.43, அதன் ஐந்திலொன்றோடு வெட்டுத்துண்டு 0.714ஐயும் 5ஐயும் கூட்டினால் மாறிலியின் மடக்கை, அதாவது மாறிலி 67.3. இரண்டாம் நிரை அதே வெடிப்பை வேறு கருவித்தொகுதி அளந்தது, பருமன் 9.803. இப்போது 69.1! 42ஐயும் சேர்த்தால்தான் −19.25க்கும் 73க்கும் வந்து சேர்கிறது. நுண்ணலைப் பின்னணியை அளந்த பிளாங்க் செய்மதி சொல்லும் 67.4க்கும் இதற்கும் உள்ள இவ்வளவு பெரிய சண்டை, பருமனில் பார்த்தால் 0.17தான்.

செபீட் தூரத்துக்குப் பின்னால் என்ஜிசி 4258 கலக்சியின் நீராவி மேசர் (இயற்கையான நுண்ணலைக் கற்றை), பெரிய மகெல்லன் முகிலில் ஒன்றையொன்று மறைக்கும் இரட்டை விண்மீன்கள், கையா செய்மதியின் இடமாறு தோற்றம். இதெல்லாம் திருகோணமலை உப்புவெளி மொட்டை மாடியில் நடக்கிற காரியமில்லை. செந்நகர்வை அளப்பது மட்டும் நடக்கும். 3சி 273 குவேசார் (தூரத்துக் கலக்சியின் மிகப் பிரகாசமான கரு), பருமன் 12.9, திருகோணமலையில் வானுச்சிக்கு ஆறரைப் பாகை தள்ளிக் கடக்கிறது. இதைவிட நல்ல இடம் ஐரோப்பாக்காரனுக்குக் கிடைக்காது. எட்டு அங்குல நியூட்டன் தொலைகாட்டி, மில்லிமீற்றருக்கு 100 கோடுள்ள ஸ்டார் அனலைசர் கிரேற்றிங் (ஒளியை நிறமாலையாகப் பிரிக்கும் கண்ணாடித் தட்டு). கமராவின் உணரியிலிருந்து 40 மி.மீ. தள்ளி வைத்தால் 3.75 மைக்ரோன் படவணுவுக்கு 9.4 அங்ஸ்ரம் விழும். அலைநீளம் குறிக்க டெனபோலா, அதாவது நம் பஞ்சாங்கத்து உத்தரம், பக்கத்திலேயே நிற்கிறது. அதன் ஐதரசன் கோடுகள் தடித்தவை.

ஐதரசன் அல்ஃபா கோட்டைத் தேடி மினக்கெட வேண்டாம். அது 7600 அங்ஸ்ரத்துக்கு நகர்ந்து, நம் வளிமண்டல ஒட்சிசனின் ஏ பட்டைக்குள் சரியாகப் போய் விழுகிறது. திமிலின் நடுவே கடித்தெடுத்த பள்ளம்தான் மிஞ்சும். பீட்டா 4861இலிருந்து 5630க்கு வந்து சுத்தமாக நிற்கும், 0.158. 1963இல் மார்ட்டன் ஷ்மிட் பிடித்ததும் இந்தக் கோட்டு வரிசையைத்தான். என்ஜிசி 4151 மாதிரிக் கிட்டத்துக் கலக்சிகளை இந்தக் கிரேற்றிங்கால் தொடாதீர்கள். அங்கே நகர்வு 22 அங்ஸ்ரம், விண்மீன் புள்ளியின் அகலத்துக்குள்ளேயே தொலைந்துவிடும்.

தொலைகாட்டித் தாங்கியைப் பற்றி ஒரு வார்த்தை. துருவ அச்சை எட்டரைப் பாகைக்கு இறக்க வேண்டும். பல தாங்கிகளின் அளவுகோல் 15இல் முடிந்துவிடும், அப்படியானால் முக்காலியின் வடக்குக் காலைக் கட்டையாக்குங்கள். எதிர்ப்பாரத் தண்டு காலில் முட்டாமல் இருக்க நடுவில் ஓர் உயரக்குழாய் வேண்டும், பட்டறையில் கடைந்து எடுக்கலாம். துருவ நட்சத்திரம் கடல் மங்கலுக்குள் கிடப்பதால் விண்மீன்கள் பார்வைப் புலத்தில் நகர்வதைப் பார்த்துத்தான் அச்சைச் சீர்செய்ய வேண்டும். உப்புக் காற்றுக்குக் கண்ணாடியை ஒவ்வொரு இரவும் மூடி வைக்கவும்.

அடுத்து ஒரு 1ஏ வகை (இந்த அட்டவணையில் உள்ள வகை) சுப்பர்நோவாவின் பருமனைச் சொந்தமாக அளக்கும் எண்ணம். உச்சத்துக்குப் பத்து நாள் முன்பே தொடங்கி, உச்சம் கழிந்து 15 நாளில் எவ்வளவு மங்குகிறது என்று பிடிக்க வேண்டும். மாரி மழையில் அது சரிவராது, கச்சான் வீசும் மாதங்களில் வெடித்தால்தான். நீல வடிகட்டி இங்கே கடைகளில் இல்லை, வெளியிலிருந்து வருபவர் யாரிடமாவது சொல்லிவிட வேண்டும்.