கிட்டங்கியில் ஒரு மேசை

மூன்று நாளாக மாவுருண்டைச் சம்புடத்தை யாரும் திறக்கவில்லை. ஆய்வுக்கூடத்தில் எல்லோரும் தேநீர் போடும் மேசையில்தான் வைத்திருந்தேன். செட்டிநாட்டுக் கோட்டையூரிலிருந்து ஜப்பானின் நகோயா வரை மடியிலேயே வந்த சம்புடம். நம் பக்கம் ஒரு வீட்டில் பலகாரத்தை மூன்று நாள் தொடாமல் வைத்தால் என்ன அர்த்தம் என்று சொல்லவே வேண்டாம். நான்காம் நாள் மனசு விட்டுப்போய்த் திரும்ப எடுக்கக் கை வைத்தேன்.

முதுகலை மாணவி ஒருவர் தயங்கித் தயங்கிச் சொன்னார். ஊருக்குப் போய் வருகிறவர்கள் கொண்டுவரும் 'ஒமியாகே' பலகாரம் தனித்தனி உறையில் இருக்கும். யார், எங்கிருந்து என்று சீட்டும் இருக்கும். சீட்டில்லாத சம்புடம் அடுத்தவர் பொருள், மூடியைத் தொடமாட்டார்கள். அன்றே ஒவ்வோர் உருண்டையையும் தாளில் சுற்றி, 'செட்டிநாடு' என்று அவர் கையாலேயே ஜப்பானிய எழுத்தில் எழுதி வாங்கி வைத்தேன். மாலைக்குள் காலி. வறுத்த பாசிப்பருப்பு வாசம் அவர்களுடைய 'கினாகோ' சோயா மாவு மாதிரியே இருக்கிறதாம். ஆத்தாவிடம் போனில் சொன்னேன். "சீட்டு இல்லைன்னா அந்தப் புள்ளைகளுக்குப் பசிக்காதாமாப்பா?" என்று கேட்டாள்.

நான் வந்தது மின்கல ஆய்வுக்கு. காரைக்குடியில் 1953-இல் திறந்த மத்திய மின்வேதியியல் ஆய்வகத்தின் மதிலோரம் சைக்கிள் ஓட்டி வளர்ந்தவனுக்கு வேறு படிப்பு தோன்றவில்லை. அழகப்பச் செட்டியார் 300 ஏக்கரும் 15 லட்சமும் கொடுத்ததால் வந்த ஆய்வகம் அது. லித்தியம் அயனி மின்கலத்துக்காக 2019-இல் நோபல் பெற்ற யோஷினோ பேராசிரியராக இருப்பதும் இதே நகோயாவில்தான், மெய்ஜோ பல்கலைக்கழகத்தில்.

எனக்குக் கிடைத்தது ஒரு மேசை, ஓர் இழுப்பறை. பெரிய கூடம், பதினான்கு பேர். பேராசிரியர், இணைப் பேராசிரியர், உதவிப் பேராசிரியர், முனைவர் பட்ட மாணவர், முதுகலை, கடைசியாக நான்காம் ஆண்டுப் பிள்ளைகள். மூத்தவர் இளையவருக்குக் கருவியைப் பழக்கிவிடுவார், அவர் அடுத்தவருக்கு. இதைப் பார்த்ததும் பாட்டையாவின் ரங்கூன் கடைதான் கண்ணில் வந்தது. முதலாளி, மேலாள், அடுத்தாள், பெட்டியடிப் பையன். செட்டியார்கள் தங்கித் தொழில் பார்த்த சிங்கப்பூர் மார்க்கெட் தெருக் கிட்டங்கிகளில் ஆளுக்கொரு பெட்டி, ஒரு பாய். பகலில் பெட்டிதான் மேசை, ராத்திரி அதன் பக்கத்திலேயே படுக்கை. இங்கேயும் ஆய்வுக் குறிப்பேட்டில் தாள் கிழிக்கக்கூடாது, தேதியில்லாமல் வரி எழுதக்கூடாது. பேரேடேதான். கொண்டுவிக்க, அதாவது கடல்கடந்து தொழில் பார்க்க, போனவர்களுக்கு மூன்று வருஷக் கணக்கு. எனக்கு ஒன்று.

பழகிவிட்டது என்றே சொல்வேன். வாசலில் செருப்பைக் கழற்றுவது புதிதா என்ன! மாலையில் கிளம்புகிறவர், உங்களுக்கு முன்னால் போவதற்கு மன்னியுங்கள் என்று சொல்லிவிட்டுத்தான் போவார். நானும் அதை ஜப்பானிய மொழியில் சொல்லிவிடுகிறேன். சொன்ன கையோடு, "வர்றேன்" என்று தமிழிலும் ஒரு தடவை வாய் சொல்லிவிடுகிறது. அதைச் சொல்லாமல் படியிறங்கினால் அப்பத்தா பின்னாலிருந்து கூப்பிடுகிற மாதிரியே இருக்கிறது.

முதல் கூட்டத்தில் என்னைப் பற்றிச் சொல்லச் சொன்னார்கள். வளவு, பட்டாலை, இரண்டாங்கட்டு என்று வீட்டுப் படங்களைக் காட்டினேன். பாதிச் சுவர் உயரத்துக்குப் பதித்த பூ ஓடுகள் வந்ததும் சென்செய், அதாவது எங்கள் பேராசிரியர், எழுந்து திரைக்குப் பக்கத்தில் போனார். ஓட்டின் பின்பக்கம் பார்க்க முடியுமா என்றார். அப்பச்சி மாடி அறையில் தேடி, பதிக்காமல் மிஞ்சிய ஒன்றைத் துடைத்துப் படம் அனுப்பினார். 'மேட் இன் ஜப்பான்'. நூறு வருஷத்துக்கு முன் இந்தியாவுக்கும் மலேயாவுக்கும் கப்பலேறிய மஜோலிகா என்கிற இந்தப் பளபளப்பான பூ ஓடுகளை அவாஜித் தீவின் தாண்டோ நிறுவனமும் இதே நகோயாவின் சாஜி நிறுவனமும் செய்திருக்கின்றன. ரவிவர்மா படத்து லட்சுமி, சரஸ்வதியைக்கூட ஓட்டில் வார்த்திருக்கிறார்கள். சின்ன வயதில் காய்ச்சலில் படுத்தால் அந்தச் சுவரில் கன்னத்தை வைத்துக்கொள்வேன். அத்தனை குளிர்ச்சி. அது இந்த மண் என்று அப்போது தெரியாது. அன்று கூட்டம் முடிந்தும் எனக்குப் பேச்சு வரவில்லை.

இரண்டு ஓடு உடைந்திருக்கிறதாம். "அங்கன கிடைக்குமா பாரப்பா" என்கிறார் அப்பச்சி. ஓசு கன்னோன் கோயில் வாசலில் மாதம் 18, 28 தேதிகளில் பழம்பொருள் சந்தை கூடும். பதினெட்டாம் தேதி போனேன், கிடைக்கவில்லை. 28-ஆம் தேதி சென்செயும் வருகிறார். ஆறங்குலச் சதுரம், ரோஸ் பூ, பச்சைக் கரை என்று அப்பச்சி அளந்து எழுதிய சீட்டு சட்டைப்பையில் இருக்கிறது.