கூடை இறக்கும் கயிறு

கெய்ரோவின் பழைய குடியிருப்புகளில் பால்கனியிலிருந்து கயிற்றில் கூடை இறக்கிக் காய்கறி வாங்குவார்கள். அதற்கு 'சபத்' என்று பெயர். லிஃப்ட் இல்லாத நம் ராயபுரம், வண்ணாரப்பேட்டை மாடி வீடுகளுக்கும் இந்த ஏற்பாடு அப்படியே பொருந்தும்.

மாடிக்குச் சுமார் 10 அடி என்று கணக்கு. மூன்றாவது மாடிக்கு 30 அடி, கைப்பிடிச் சுவருக்கும் முடிச்சுக்கும் சேர்த்து 40 அடி கயிறு வாங்குங்கள். மெல்லிய நைலான் கயிறு வேண்டாம், பாரம் ஏறினால் கையை அறுக்கும். சுண்டுவிரல் கனத்தில் பருத்திக் கயிறு பிடிக்கச் சுகம், ஆனால் மழையில் நனைந்தபடி விட்டால் மக்கிப்போகும். பிளாஸ்டிக் பக்கெட்டின் கைப்பிடி சொல்லாமல் கழன்றுகொள்ளும். வயர் கூடைதான் சரி. இரண்டு காதையும் சேர்த்துக் கட்டுங்கள், ஒரு காதில் மட்டும் கட்டினால் தக்காளி தெருவுக்குத்தான். மறுமுனையைப் பால்கனிக் கம்பியில் கட்டாமல் இறக்காதீர்கள். கடல் காற்றில் அந்தக் கம்பியே துருப்பிடித்திருக்கலாம், அசைத்துப் பாருங்கள்.

மின்கம்பி போகும் பக்கம் கூடவே கூடாது.

கீழ் வீட்டுக் கொடியில் துணி காயும். "அக்கா, கூடை வருது!" என்று ஒரு குரல் கொடுத்துவிட்டு இறக்கினால் பாதி சண்டை குறையும்.