சாம்பிராணிக் கரியும் சாத்திய ஜன்னலும்

வெள்ளிக்கிழமை சாயங்காலம் ராயபுரம், பழைய வண்ணாரப்பேட்டை சந்துகளில் நடந்தால் சாம்பிராணி வாசனை கூடவே வரும், எனக்கு ரொம்பப் பிடித்த வாசனை. ஆனால் சாம்பிராணி போடப் பற்றவைக்கும் கரி விஷயத்தில் நாம் காட்டும் அலட்சியம்தான் பயமாக இருக்கிறது.

கடையில் வட்ட வில்லையாக விற்கும் கரி, புகை பிடிக்கிற ஹூக்காவுக்கும் போடுகிற ரகம்தான், சீக்கிரம் பற்றிக்கொள்ள வெடியுப்பு மாதிரி எதையாவது சேர்த்திருப்பார்கள். தீ காட்டியதும் சடசடவென்று ஓரத்திலிருந்து பொறி ஓடும். அதனால் இடுக்கியில் பிடித்து, மொட்டை மாடியிலோ வாசலிலோ பற்றவையுங்கள். நைலான் புடவை, திரைச்சீலை பக்கத்தில் வேண்டவே வேண்டாம். மண்ணெண்ணெய் ஊற்றாதீர்கள். மேலெல்லாம் சாம்பல் பூக்கட்டும், அப்புறம் தூபக்காலில் வைக்கலாம்.

புகை நின்றதும் பயமில்லை என்று நினைக்கிறோம் பாருங்கள், அதுதான் தப்பு. கனன்றுகொண்டிருக்கும் கரி கார்பன் மோனாக்சைடை விட்டுக்கொண்டேதான் இருக்கும். நிறம் கிடையாது, வாசனை கிடையாது, ரத்தத்தில் ஆக்சிஜன் உட்கார வேண்டிய இடத்தில் அது உட்கார்ந்துகொள்ளும். ஒரே ரூம், ஒரே ஜன்னல் உள்ள வீடுகள் நம் பக்கம் எத்தனை! மழைக்காலத்தில் கொசுவுக்குப் பயந்து எல்லாவற்றையும் சாத்திவிட்டு, தூபக்காலைக் கட்டிலடியில் வைத்து, குழந்தையோடு தூங்கவே கூடாது. தலைவலி, குமட்டல், கிறுகிறுப்பு வந்தால் உடனே எல்லோரும் வெளியே வந்துவிடுங்கள், 108-க்குக் கூப்பிடுங்கள்.

மீந்த கரியை இடுக்கியால் எடுத்துத் தண்ணீர் வாளியில் போட்டு, நன்றாக ஆறியபிறகே குப்பையில் கொட்டுங்கள்.